சைவக் கடையில் மீன் தொட்டி

எங்கள் கடை வாசலில் ‘சுத்த சைவம்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. பலகைக்குப் பின்னால் கடை, கடைக்குப் பின்னால் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. அந்த அறையில் உயிரோடு மீன் நீந்துகிறது என்று தெரிந்தால் கண்டி டவுனில் எவராவது சும்மா இருப்பார்களா? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறொருத்தி வீட்டில் அப்படி நடந்திருந்தால் முதல் ஆளாக நான்தான் துருவிக்கொண்டு போயிருப்பேன்.

நான் அப்படிப்பட்டவள். பால்காரன் வந்தால் செம்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். அரிசி மூட்டை வந்தால் அடி மூட்டையைப் பிரிக்கச் சொல்வேன். எவராவது சிரித்துப் பேசினால் இவர் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவர் வாயால் ‘நல்ல மனுசன்’ என்று சொல்லப்படாத ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது. ஒருவன் எங்கள் கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எங்கள் குடையையும் தூக்கிக்கொண்டு போனான். “மழை பேயுதில்ல, பாவம், நனைஞ்சிருவான்” என்றார் இவர். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் பண்ணினால் சந்தேகப்படுகிற வேலையை யாராவது ஒருத்தர் செய்துதானே ஆக வேண்டும்!

அவர் பரம்பரைச் சைவம். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். முட்டையைக்கூடக் கையால் தொட்டதில்லை. நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கருவாடு சுடுகிற வாசனையில் மழைக்காலம் முழுவதும் வளர்ந்தவள். கலியாணம் பேசி முடித்ததும் என் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, “அங்க போயி கருவாட்டுப் பேச்சே எடுக்காத. நம்ம வீட்லயும் கவுச்சி கிடையாதுன்னு சொல்லித்தான் பேசியிருக்கேன்” என்றான். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் கவுச்சியைத் தொட்டதும் இல்லை. ஆசைப்பட்டதுண்டா என்று கேட்டால் மழை பெய்கிற நாளில் பதில் சொல்ல மாட்டேன்.

கடைக்கு வேண்டிய சாம்பார், ரசம், இட்லி, தோசை எல்லாம் என் கையால்தான். ஆனாலும் டவுனில் இருந்த பெரிய சைவ வீட்டு அம்மாமார், சாதாரண நாளில் எங்கள் இட்லியை வாங்குவார்கள், வெள்ளிக்கிழமையும் விரத நாளும் வாங்க மாட்டார்கள். “தோட்டத்துக் கை. என்னத்தைத் தொட்டுச்சோ, யார் கண்டா!” என்பது பேச்சு. என் காதுபடவே சொல்வார்கள். அதற்குச் சட்டியைத் தூக்கி எறியவா முடியும்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாவரைத்தேன்.

இந்த நிலைமையில்தான் கண்ணாடிப் பெட்டி வந்தது. அண்ணன் வேலை பார்த்த தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போய்விட்டார். போகும்போது பங்களாவில் மீன் வளர்த்த பெட்டியை அண்ணனிடம் தள்ளிவிட்டார். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் தடித்த கண்ணாடி, அடியில் கருங்கல் பலகை. அதை வைக்க அண்ணனின் அறையில் இடமில்லை. லொறியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்து, “மச்சான் ஆசைப்படுவாரு” என்றான். மச்சான் ஆசைப்படாத பொருள் இந்த உலகத்தில் ஏது? பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “வெறும் பெட்டியா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டபோதே எனக்குப் பகீரென்றது.

காலையில் எங்கள் கடையில் பசியாறுகிற ரயில் கார்டு ஒருவர் இருந்தார். சிங்களவர். நீர்கொழும்புப் பக்கம், கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்குகிற களப்போரம் அவர் ஊர். அவரிடம் இவர் மீன் வேண்டுமென்று சொல்லிவைத்திருக்கிறார். ஒரு மாலை நல்ல மழையில் கார்டு மண்ணெண்ணெய்த் தகரமொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். வாயில் ஈரச் சாக்கு கட்டியிருந்தது. உள்ளே ஐந்து மீன்கள், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கொரலியா என்று பெயர் சொன்னார். களப்பில் பெரிய கொரலியாவும் உண்டாம், அது சட்டிக்குப் போகிறது. இது சின்ன வகை, நல்ல மஞ்சள் நிறம், பார்க்க மட்டும்தான் என்றார்.

எட்டிப் பார்த்தேன். மஞ்சளாவது மண்ணாவது! கரிக்கட்டை மாதிரி ஐந்து உருவம் தகரத்தின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

“இதா மஞ்சள்? ஏங்க, ஏதோ சாக்கடையில பிடிச்சத உங்க தலையில கட்டியிருக்காரு” என்றேன்.

“சும்மா இரு. அவரு நல்ல மனுசன்.”

“பயம் அம்மா,” என்றார் கார்டு. “ரயில் ஆட்டம். கடுகண்ணாவ மலை ஏறும்போது குளிர். பயம் போனா மஞ்சள் வரும்.”

தகரத்தைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் கொட்டப் போனார் என் வீட்டுக்காரர். கார்டு கையைப் பிடித்துத் தடுத்தார். தகரத்துத் தண்ணீர் கடல் பக்கத்துத் தண்ணீர், உப்புக் கரிப்பது, சூடு உள்ளது. பெட்டியில் இருப்பது கண்டிக் குழாய்த் தண்ணீர், உப்பில்லாத தண்ணீர், குளிர்ந்தது. ஒரேயடியாக மாற்றினால் செத்துப்போகும். பெட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்துக்குள் ஊற்றிப் பழக்கு, பிறகு விடு, பெட்டித் தண்ணீரிலும் ஒரு பிடி கல்லுப்புப் போடு என்றார். உப்புப் போட்டால் ஊறுகாய்தானே ஆகும் என்று நான் முணுமுணுத்தேன். ஆனாலும் சிரட்டையை எடுத்து, ஒரு சிரட்டை ஊற்றிச் சற்று நேரம் விட்டு இன்னொரு சிரட்டை என்று இருட்டும்வரை ஊற்றியது நான்தான். இவர் கையில் கொடுத்திருந்தால் பாவம் பார்த்து அள்ளி ஊற்றியிருப்பார்.

பெட்டியை எங்கே வைப்பது? கண்டிக் குளிர் அவற்றுக்கு ஆகாது. அறைக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அடுப்பு எரியும்போது இந்தப் பக்கச் சுவர் கதகதவென்று இருக்கும். அதை ஒட்டிப் பெட்டியை வைத்தோம். மேலே ஒரு வேட்டியைப் போர்த்தினோம். மீன்களுக்கு நல்ல இடம். எனக்குத்தான் அது வினையாக வந்தது.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவை வெளியே வரவில்லை. உடைந்த பானை ஓடுகளை உள்ளே சாய்த்து வைத்திருந்தோம். அவற்றின் பின்னால் பதுங்கிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கும். நான் சுவரோரம் வந்தால் போதும், சடாரென்று ஒரு அடி, தண்ணீர் தெறிக்கும். என் வீட்டுக்காரர் போனால் அவ்வளவு இல்லை. “ஒன்னப் பாத்தா பயப்படுதுங்க” என்று சிரித்தார். “மொறைக்காம பாரேன்.”

“நான் ஒண்ணும் மொறைக்கல. என் மூஞ்சியே அப்படித்தான்” என்றேன்.

சோற்றுப் பருக்கை போட்டோம், சீண்டவில்லை. தேங்காய்ப்பூ போட்டோம், தண்ணீர்தான் புளித்தது. காய்ந்த கூனி இறாலைத் தூளாக்கிப் போடச் சொன்னார் கார்டு. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அது மட்டும் இந்த வாசல்படி தாண்டாது. மீன் செத்தாலும் சரி, நான் செத்தாலும் சரி” என்று சொல்லிவிட்டேன். கூனி இறால் வாசம் ஒரு மைல் போகும் என்று எனக்கல்லவா தெரியும்!

கடைசியில் நுளம்புதான் கைகொடுத்தது. மலேரியாக் காய்ச்சல் கடுகண்ணாவைப் பக்கம் வீடு வீடாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்த காலம் அது. டவுனிலும் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பீப்பாய்க்குள்ளும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். தேங்கிய தண்ணீரில் நெளிகிற நுளம்புப் புழுவைக் கண்டால் சத்தம் போடுவார். அந்தப் புழுவில் கொஞ்சம் துணியால் வடித்து எடுத்துப் பெட்டிக்குள் விட்டேன். ஓட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. லபக்! அவ்வளவுதான், ஐந்தும் வெளியே வந்துவிட்டன. இவர் உயிருள்ளதை உயிருக்குப் போடுவது பாவமல்லவா என்று இழுத்தார். “அப்ப நுளம்பு நம்மளக் கடிக்கட்டும், காய்ச்சல் வந்து படுங்க” என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு காலையில் வேலை தொடங்கும் முன்னால் அக்கம்பக்கத்துப் பீப்பாய்களை எல்லாம் துணியும் செம்புமாக நான் ஆராய்ந்துகொண்டு திரிந்தேன். அவர்கள் என்ன நினைப்பார்கள்? “சைவக் கடைக்காரி எங்க தண்ணில என்னத்தப் போட்டுட்டுப் போறா?” என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். போடவில்லை, எடுக்கிறேன் என்றேன். எதற்கு என்றாள். மீனுக்கு என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாப்பிட வந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தவர், சாம்பாரைக் கரண்டியால் கிளறிக்கொண்டே, “என்ன முதலாளி, உங்கட அறைக்குள்ள மீன் கிடக்காம். நாளைக்கு இதுக்குள்ளயும் நீந்துமோ?” என்று கேட்டார். கடையே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேடிக்கைக்குச் சொல்கிற சொல் விரத வீடுகளுக்குப் போகும்போது வேடிக்கையாகவா போகும்?

வயிறு நிறையத் தொடங்கியதும் மீன்கள் வேறு கூத்து காட்டின. கார்டு சொன்ன மஞ்சள் மெல்ல மெல்ல வந்தது, உண்மைதான். விலாவில் கறுப்புப் பொட்டு தெளிந்து, அவ்வளவு லட்சணம். ஆனால் ஐந்தில் பெரியது ஒன்று நடுவிலிருந்த பானை ஓட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டு மற்றவற்றைக் கிட்ட அண்டவிடவில்லை. துரத்தித் துரத்திக் கடித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால் இடம் உனக்கே எழுதிக்கொடுத்ததா? அதைப் பிடித்து ஒரு வாளிக்குள் தனியாகப் போட்டேன். அது இல்லாத நேரத்தில் ஓடுகளை எல்லாம் இடம் மாற்றி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி ஆளுக்கொன்றாக அடுக்கினேன். மற்ற நாலும் தங்கள் தங்கள் இடத்தைப் பிடித்த பிறகு பெரியவனைக் கொண்டுபோய் விட்டேன். எது தன் வீடு என்று தெரியாமல் மூலையில் நின்று விழித்தான். அதன் பிறகு வாலாட்டம் அடங்கியது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புது வீட்டுக்கு வந்தவளை எப்படி நடத்துவார்கள் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் ஒரு சின்ன மீனின் வாலைக் கடித்துக் குதறியிருந்தான். கிழிந்த இடத்தில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ படர ஆரம்பித்தது.

அதே சமயத்தில்தான் கோயிலில் இருந்து ஆள் வந்தது. கந்தசஷ்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாள் விரதம் முடிந்து மறுநாள் நடக்கிற அன்னதானத்துக்குச் சமைக்க வருகிற ஐயர் மலேரியாவில் படுத்துவிட்டார். தர்மகர்த்தா டவுனில் பெரிய ஜவுளிக் கடை வைத்திருந்தவர். இந்தத் தடவை உங்கள் சமையற்கட்டில் ஆக்கித் தர முடியுமா, ஆனால் எங்கள் வீட்டு ஆச்சி வந்து பார்த்துத்தான் முடிவு சொல்லுவாள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

விரதம் முடித்த வாய்க்கு முதல் சோறு! வெள்ளிக்கிழமை என் இட்லியை ஒதுக்கிய அத்தனை பேரும் அன்று வரிசையில் உட்கார்ந்து என் கையால் ஆக்கியதைச் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு ஒருத்தியும் தோட்டத்துக் கை என்று வாய் திறக்க முடியாது. எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். இது ஒன்று கிடைத்தால் போதும் என்று முருகனிடம் சொன்னேன். வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், அதட்டித்தான் சொன்னேன்.

தர்மகர்த்தாவின் சம்சாரத்தை ஊரே ஆச்சி என்றுதான் கூப்பிடும். சஷ்டி ஆறு நாளும் பாலைத் தவிர எதுவும் தொடாத மனுஷி. அவர் வந்து நின்றால் மற்ற பெண்கள் வெற்றிலை போடுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள். அவர் பிறந்த ஊர் எது, வீடு எது என்று யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரிடம் அதைக் கேட்கத் தோன்றாது. வியாழக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று நாள் சமையற்கட்டைத் தேய்த்தேன். அடுப்பை மெழுகினேன், பித்தளையைப் புளி போட்டு விளக்கினேன். கரி பிடித்த உத்தரத்தைக்கூட விடவில்லை. அறைக் கதவைச் சாத்தி மீன் பெட்டியை மறைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வேலை ஓய்ந்ததும் பின்கட்டுக் குழாயடியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தேன். அடுப்போரம் புதுச் சட்டி ஒன்று இருந்தது. விளிம்பு விரிந்து, வாய் அகன்று, அடி பரந்த மண்சட்டி. உள்ளே மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீர். அதில் வால் கிழிந்த மீன் ஒருக்களித்துக் கிடந்தது.

“ஏங்க!” என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். “கார்டு சொன்னாரு. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணில தனியா போட்டா புண்ணு ஆறுமாம். குளிர் படக் கூடாதாம், அதான் அடுப்போரம். மார்க்கெட்ல போயி நானே பார்த்து வாங்கினேன், சட்டி நல்லா இருக்கில்ல?”

அட என் சாமி! கண்டி மார்க்கெட்டில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வாள், அந்தச் சட்டியில் எதை ஆக்குவார்கள் என்று. அறுத்த மீனை உப்பும் மஞ்சளும் போட்டு அலசி ஊறவைத்தால் எப்படி இருக்கும் என்றும் சொல்வாள். பிறந்ததிலிருந்து கவுச்சி காணாத மனிதர் இவர். இவருக்கு அது மருந்து. பார்க்கிற வேறு யாருக்கும் அது மீன் குழம்புக்குப் பாதி வேலை முடிந்த சட்டி. இதை அவருக்கு எப்படி விளக்குவது? விளக்கினால் என் பிறந்த வீட்டு அடுப்பையும் சேர்த்தல்லவா விளக்க வேண்டும்! சட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடலாம் என்று குனிந்தேன்.

“வாங்க ஆச்சி, வாங்க வாங்க!” என்று முன்னால் இவர் குரல் கேட்டது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் முன்னேற்பாடு செய்ய விடாமல் காலையிலேயே வந்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன்.

தர்மகர்த்தா கடையில் உட்கார்ந்துவிட்டார். ஆச்சி மட்டும் சமையற்கட்டுக்குள் வந்தார். நான் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கும்பிட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மியைத் தடவி விரலைப் பார்த்தார். தவலையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். வெங்காயக் கூடை எங்கே என்று கேட்டார். அது கொல்லைப்புறம் தனியாக இருக்கிறது என்றேன். முகம் கொஞ்சம் இளகியது.

“அன்னதானத்துக்கு வெங்காயம் படாத அம்மி தனியா வேணும்மா. நம்ம வீட்டுலருந்தே அனுப்புறேன். பச்சரிசியும் அங்கருந்தே வந்துரும்.”

அரிசி வந்துவிடும் என்கிறார்! கிடைத்துவிட்டது என்று என் உள்ளங்கால்வரை குளிர்ந்தது. “சரிங்க ஆச்சி” என்றேன்.

“அடுப்போரம் அது என்ன?”

நகராமல் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து குனிந்தார். சட்டியைப் பார்த்தார். மஞ்சள் தண்ணீரில் அசையாமல் கிடந்த மீனைப் பார்த்தார். பார்த்த நொடியிலேயே, உப்புப் பார்த்துச் சொல்கிறவர் போலச் சாதாரணமாக அவர் வாயில் வந்தது: “புளி கரைச்சு ஊத்தலியா? உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டா வாடை நிக்குமே.”

அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது போல இருந்தது. குனிந்த முதுகு நிமிராமல் நின்றார். மீன் வாலைத் திருப்பி ஒரு துள்ளு துள்ளியது. அவர் பதறிப் பின்வாங்கினார்.

“உசுரோட இருக்கு!”

“வளக்கிற மீன் ஆச்சி. புண்ணுக்கு மருந்து” என்றேன்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். பரம்பரைச் சைவத்துக்கு வாடை தெரியும், வாடைக்குப் புளி ஊற்றத் தெரியாது. மீன் அலசிய கைக்குத்தான் அந்தச் சொல் தானாக வரும். நான் கண்டுகொண்டேன் என்பதை அவரும் கண்டுகொண்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனார்.

“என்ன, பேசியாச்சா?” என்று தர்மகர்த்தா எழுந்தார்.

“அடுப்பெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா மீனு புழங்குற வீடு. முருகனுக்கு ஆகாது. வேற எடம் பாருங்க” என்றார் ஆச்சி.

என் வீட்டுக்காரர் தவித்துப்போனார். “ஆச்சி, அது அழகுக்கு வளக்கிறது. நாங்க பரம்பரையாவே…” என்று கைகளைப் பிசைந்தார். நான் சமையற்கட்டு வாசலில் நின்றேன். என் நாக்கு நுனியில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. புளி ஊத்தணும்னு உங்களுக்கு எப்படி ஆச்சி தெரியும்? அதைக் கேட்டிருந்தால் போதும், ஜவுளிக் கடை முதல் கோயில் வாசல்வரை ஆடிப்போயிருக்கும். கேட்காமல் விடுகிற ஆளா நான்? வாயைத் திறந்தேன். ஆச்சி திரும்பினார். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. என்னிடமிருந்து அது வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். நான் கேட்டால் அவர் அதையே திருப்பிக் கேட்பார்: அது மீன் அலசியவளுக்குத்தான் தெரியும் என்று உனக்கு எப்படியம்மா தெரியும்? வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் படி இறங்கிப் போனார்கள். சஷ்டி கவசமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தேன்.

பிற்பகலில் சின்ன மீனைத் தூக்கிப் பெட்டிக்குள் விட்டேன். வெள்ளை கொஞ்சம் கழன்றிருந்தது. அது நேரே தன் ஓட்டுக்குள் போய் நின்றுகொண்டது, பெரியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

“உள்ள என்ன நடந்துச்சு? அரிசி அனுப்புறேன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. வெளிய வரயில மொகம் ஏன் அப்படிப் போச்சு?”

“ஒண்ணும் நடக்கல.”

“நீ ஏதாவது வெடுக்குன்னு சொன்னியா?”

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவையும் விழுங்கிவிட்டு நிற்கிறேன், பழி எனக்கா! “நான் ஒரு வார்த்தை சொல்லல. உங்க ஆச்சிதான் சொன்னாங்க, அதுல புளியும் கரைச்சு ஊத்தணும்னு.”

“எதுக்குப் புளி? புண்ணுக்கு எரியாதா?”

“புண்ணுக்கு இல்லீங்க. மீன் வாடை போக. ஆக்குறதுக்கு முன்னால அப்படித்தான் அலசுவாங்க. உப்பு, மஞ்சள், புளி. அந்தச் சட்டியும் அதுக்குத்தான்.”

அவர் சற்று நேரம் யோசித்தார். ஆச்சியைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

கோபமே இல்லாமல் கேட்டார். நானும் சொன்னேன். கருவாடு சொன்னேன், மழைநாளில் ஆற்று மீன் சொன்னேன், அம்மா சட்டி சொன்னேன். தாலி ஏறிய பிறகு தொட்டதில்லை என்பதையும் சொன்னேன். அதைத் தெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணிச் சொல்லவா என்று கேட்டேன். “சீச்சீ, எதுக்கு? ஒன்ன நம்பாமலா?” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். எனக்கு நெஞ்சிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. பயந்து பயந்து செத்தேனே, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

இருட்டியதும் அறையில் இலை போட்டேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரியல். அவர் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோன கை மூக்குக்குக் கீழே நின்றது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். பிறகுதான் அது வாய்க்குள் போனது. தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரியவில்லை.

நான் குனிந்து இலையை அப்படியே சோற்றோடு இழுத்துக்கொண்டேன்.

“என்ன? என்ன ஆச்சு?” என்றார்.

இலையை மடித்தேன். அவர் கழுவாத கையோடு என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசி தாளாத மனிதர். எழுந்து கடைப் பக்கம் போய் வாடிக்கைக்காரர்களோடு வாங்கில் உட்கார்ந்தார். தோசையும் சாம்பாரும் வைத்தார்கள். கதவிடுக்கால் பார்த்தேன். அந்தச் சாம்பாரும் நான் வைத்ததுதான். அதைத் தொட்டுத் தொட்டு வயிறு நிறையச் சாப்பிட்டார்.